கல்லூரியில் எனக்கு வாய்த்த அம்மா

டர்ஹாம்
ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஹெய்லிக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவுக்கு முதுகு, எனக்கு முழங்கால், அது இரண்டையும் கழித்துவிட்டால் இங்கே நாங்கள் சுகமாகவே இருக்கிறோம். நீயும் கிரெய்கும் குட்டிப் பயல் ஃபின்னும் குளிருக்கு இதமாக, நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் ஜன்னலையெல்லாம் திறந்துவைத்து வெந்துகொண்டிருக்க, அங்கே நியூசிலாந்தில் உங்களுக்கு உறைபனி என்பதை இத்தனை வருஷம் ஆகியும் என் மூளை ஏற்க மாட்டேன் என்கிறது. ஃபின்னுக்கு இருமல் நின்றதா? நீ அனுப்பிய படத்தில் பிள்ளையின் கழுத்து வெறுமையாக இருந்தது. நான் பின்னி அனுப்பிய கம்பளித் துண்டு எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை, ஆனால் கேட்டதாகவே வைத்துக்கொள்.

வாராவாரம் தொலைபேசியில் வாய் ஓயாமல் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன்னிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். உனக்கு நான் செய்த ஒரு தப்பு. தொலைபேசியை எடுத்தால் உன் குரல் வருகிறது, என் குரல் போய்விடுகிறது, கடைசியில் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். தாளில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. சொன்ன பிறகு நீ என்னோடு பேசுவாயோ மாட்டாயோ தெரியாது, அதனால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், உனக்குத் தெரியாத அம்மாவா. உள்ளே இன்னோர் உறை இருக்கிறது, மஞ்சளாகிப்போன பழைய உறை. அதை இப்போது பிரிக்காதே. முதலில் இதைப் படித்து முடி. தேநீர் போட்டுக்கொண்டு உட்கார்.

அப்பாவின் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர் கோபித்துக்கொள்வார். செப்டம்பர் போட்டிக்காக வளர்க்கிற லீக் வெங்காயத் தண்டுகள் இந்த வருஷம் என் முன்கை தடிமனுக்கு வந்துவிட்டன. போன வருஷம் யாரோ பாத்திக்குள் நுழைந்து இரண்டைக் கீறிவிட்டதிலிருந்து கொட்டகைக்குப் பூட்டு, பூட்டுக்கு ஒரு பூட்டு. உனக்கு விதை அனுப்பட்டுமா என்று கேட்டார், உங்கள் ஊர் சுங்கக்காரர்கள் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள் என்றேன், அதற்கு அவர், "அப்போ அவங்களாவது நல்ல லீக் என்னன்னு பார்த்துக்கட்டும்" என்கிறார். இந்த மாதம் சுரங்கத் தொழிலாளர் திருவிழாவில் பழைய பதாகைக்குப் பின்னால் பாண்டு வாத்தியத்தோடு நகரம் முழுக்க நடந்தார். அன்றைக்கு மட்டும் முதுகுவலி எங்கே போயிற்று என்று கேட்டுவிடாதே, அடுத்த மூன்று நாளும் படுக்கைக்குத் தேநீர் கொண்டுபோனது நான்தான்.

இனி என் கதை. கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து எப்படிம்மா இருக்கு, எப்படிம்மா இருக்கு என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய், நானும் நல்லா இருக்கு என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறேன். அந்தப் பாவத்தையும் இன்றைக்கே தீர்த்துவிடுகிறேன். போன அக்டோபரில் அப்பா என்னைக் காரில் கொண்டுபோய்ப் புனித ஆஸ்வின் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டாரா, வாயிற்காவலர் என்னைப் பார்த்ததும் இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் துடைப்ப அறைச் சாவியை எடுத்து நீட்டிவிட்டார். "அது இல்லப்பா, ஆறாம் நம்பர் அறைச் சாவி" என்றேன். மனுஷன் காது வரைக்கும் சிவந்துபோனார். மூன்றாம் படிக்கட்டு, ஆறாம் அறை. நான் துடைத்த பதினான்கு அறையில் ஒன்று. எந்த இழுப்பறை முட்டும், எந்த ஜன்னலைத் தூக்கி அடித்தால்தான் மூடும், எல்லாம் கைக்குத் தெரியும். படுக்கையில் படுத்துக் கூரையைப் பார்க்கிறேன், அந்தக் கூரையை அதுவரை பார்த்ததே இல்லை, எப்போதும் தரையைத்தானே பார்த்தேன். என் பழைய வேலையை இப்போது பார்க்கிறவள் ட்ரூடி, உனக்கு நினைவிருக்கும், உன் பிறந்தநாளுக்குக் கேக்கை எரித்துக் கொண்டுவந்தவள். அவள் வருவதற்கு முன்னால் நானே அறையைத் துடைத்து, தொட்டியைத் தேய்த்து வைத்துவிடுவேன். மூன்றாம் நாள் வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஏன்டீ, நீயே தொடைச்சு வெச்சா நான் எதுக்கு வர்றேன்? என் வேலைக்கு உலை வைக்கப் பார்க்கிறியா? போ, போய்ப் படி!" என்று ஒரே கத்தல். அன்றிலிருந்து ஒரு கோப்பையைக் கழுவாமல் அவளுக்கென்று விட்டுவைக்கிறேன், மனசே வரவில்லை என்றாலும்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு, நீ கேள்விப்பட்டிருப்பாய். புதிதாய் வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டாம் வருஷப் பிள்ளைகள் இரண்டு பேர் அம்மா அப்பாவாக இருப்பார்கள். விளையாட்டுத்தான், ஆனால் விளையாட்டை அந்தக் கல்லூரியில் எவ்வளவு சிரத்தையாகச் செய்வார்கள் என்று சொல்லி முடியாது. கோடையிலேயே அந்த அம்மா தன் பிள்ளைக்குக் கையெழுத்தில் ஒரு கடிதம் போடுவாள். எனக்கும் வந்தது. "அன்பு மகளே" என்று ஆரம்பம். எழுதியவள் இமோஜென், தெற்கத்திப் பெண், வயது பத்தொன்பது. கெட்டில் கொண்டு வா, விருந்துக்குப் போடும் கறுப்பு அங்கியைப் புதிதாய் வாங்கி ஏமாறாதே, முதல் வாரம் எல்லாருக்கும் அழுகை வரும், கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு மரக்கட்டை கொண்டு வா, கதவு திறந்திருந்தால்தான் யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்று எழுதியிருந்தாள். அந்த மரக்கட்டைகளை இருபத்திரண்டு வருஷம் துடைப்பத்தால் இடித்து, காலால் எத்தி, இந்தச் சனியன்கள் எதற்குத்தான் இருக்கோ என்று திட்டியிருக்கிறேன். எதற்கென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் பெயர் மட்டும் அவளுக்குத் தெரியும், வயது தெரியாது. முதல் நாள் கையில் பலூனோடு ஆறாம் அறைக்கு வந்தவள் என்னைப் பார்த்ததும் எட்டி உள்ளே பார்க்கிறாள், மகள் எங்கே என்று. "நான்தான்மா மௌரீன்" என்றேன். முகத்தில் ஈயாடவில்லை. ஒரு நிமிஷம்தான். பலூனை என் கையில் கொடுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "பரவாயில்லை, என் பொண்ணு சீக்கிரமே வளந்துட்டா, எனக்கு வேலை மிச்சம்" என்றாள். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. என்னைவிட நாற்பது வயது சின்னவள், எனக்கு அம்மா. அப்பாவிடம் சொன்னதற்கு, "மாமியார் வந்தா முன்னாடியே சொல்லு, தாடியை மழிச்சுக்கறேன்" என்றார்.

முதல் அங்கி விருந்தில் நான் செய்த கூத்தைக் கேள். நீளமான மேசை, மெழுகுவர்த்தி, கறுப்பு அங்கி, லத்தீனில் ஜெபம், முகம் தெரியாத பெரியவர்கள் மேல்மேசையில். எனக்குப் பக்கத்தில் இமோஜென், எதிரில் பெக்கா. அவளும் இமோஜெனின் மகள்தான், அந்த வகையில் எனக்குத் தங்கை. நிஜத்தில் யார் தெரியுமா, நம் கல்லூரிச் சமையற்கூடத்து ஷாரனின் பெண். அவளைப் பற்றிப் பிறகு வருகிறேன். சாப்பாடு முடிந்து மணி அடித்தது. விருந்து நாட்களில் தட்டெடுக்கவும் என்னைத்தானே கூப்பிடுவார்கள், அந்த மணி அடித்தால் என் கை என்ன செய்யும்? நான் யோசிக்கவே இல்லை ஹெய்லி. எழுந்து, என் வரிசைத் தட்டையெல்லாம் அடுக்கி, ஏழு தட்டு இடது கையில், கரண்டிகள் மேலே, அங்கி தரையில் இழுபட, நேரே சமையற்கூடக் கதவைப் பார்த்து நடந்துவிட்டேன். பாதி வழியில்தான் உறைத்தது. திரும்பவும் முடியாது, போகவும் முடியாது. மண்டபமே பார்க்கிறது. அப்போது பின்னால் சத்தம், திரும்பினால் இமோஜென் நாலு தட்டோடு வருகிறாள், அவளுக்குப் பின்னால் பெக்கா, பெக்காவுக்குப் பின்னால் எங்கள் மேசைப் பிள்ளைகள் முப்பது பேரும் ஆளுக்கொரு தட்டோடு வரிசையாய், முகத்தை அவ்வளவு பயபக்தியாய் வைத்துக்கொண்டு! அந்த ஊரில் எது விசித்திரமாய் நடந்தாலும் அது அறுநூறு வருஷ வழக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள், பாவம் புதுப் பிள்ளைகள், இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். ஷாரன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏய் மௌரீன், என்னடீ இது, ஊர்வலமா? உன் இடம் அங்கே, போய் உக்காரு!" என்று கத்திவிட்டுச் சிரித்தாள் பார், கையில் இருந்த கரண்டி விழுந்துவிட்டது. அப்புறம் நான் கேட்டபோது இமோஜென், "வழக்கம்னுதான் நினைச்சேன்" என்றாள். அவள் அப்படி நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இப்போது எங்கள் மேசை ஒவ்வொரு விருந்திலும் தட்டெடுக்கிறது. இன்னும் பத்து வருஷம் போனால் யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது.

படிப்பையும் சொல்ல வேண்டும். முதல் கட்டுரையில் தோற்றேன். நல்லா கதை சொல்கிறீர்கள், ஆனால் எதை எங்கே படித்தீர்கள் என்று ஓர் அடிக்குறிப்பும் இல்லையே என்று ஆசிரியர் எழுதியிருந்தார். அன்றைக்கு மூட்டை கட்டிவிட்டேன், உண்மையாகவே, பெட்டியைப் பூட்டி அப்பாவை வரச் சொல்லிவிட்டேன். கதவு திறந்துதான் இருந்தது, மரக்கட்டை இருந்தது, அதனால் இமோஜென் எட்டிப் பார்த்தாள். பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டாள். "என் பொண்ணு ஒருத்தியும் முதல் பருவத்துல ஓடிப்போனதில்லை. எனக்கு இருக்கிறதே ரெண்டு பொண்ணு, நீங்க என் மானத்தை வாங்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரம் அடிக்குறிப்பு எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுத்தாள். அப்பா வந்து வாசலில் நின்றவர் எங்களைப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த ஹாம் வைத்த ரொட்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். ஜூனில் எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டேன், வரலாற்றில் வகுப்பிலேயே ஏழாவது. தொலைபேசியில் சொன்னபோது நீ அழுதாய், எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டாய்.

இப்போது நானும் இரண்டாம் வருஷம் போகிறேன், அதாவது என் முறை. மே மாதத்தில் ஒரு நாள் காலைச் சாப்பாட்டில் தியோ என்று என் வகுப்புப் பையன், இருபது வயது, மண்டபத்து நடுவில் மண்டி போட்டு, மிட்டாய் மோதிரம் ஒன்றை நீட்டி, "மௌரீன், நம்ம பிள்ளைகளுக்கு அம்மாவா இருக்க உங்களைவிட்டா ஆள் கிடையாது" என்றான். எல்லாரும் மேசையைத் தட்டுகிறார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, சரி என்றுவிட்டேன், மோதிரத்தைத் தின்றும்விட்டேன். வீட்டில் சொன்னதற்கு அப்பா, "அவனுக்கு லீக் வளர்க்கத் தெரியுமா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். ஆக எனக்கு இந்த அக்டோபரில் ஒரு பிள்ளை வரப் போகிறது. சன்டர்லாந்துப் பெண் ஒருத்தி, பெயர் அனுப்பிவிட்டார்கள், விருப்பமில்லை என்றால் ஆகஸ்ட் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும், இருக்கிறது என்றால் அதற்குள் அவளுக்கு என் கையால் ஒரு கடிதம் போக வேண்டும். மூன்று வாரமாய் எழுத உட்காருகிறேன். அன்பு மகளே என்று எழுதுகிறேன், அதற்கு மேல் பேனா நகர மாட்டேன் என்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். உனக்குத்தான் இனிமேல் தெரிய வேண்டும்.

பெக்காவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. அவள் வந்த முதல் வாரம், காலையில் எல்லாரும் தட்டோடு வரிசையில் நிற்கிறோம், பரிமாறுகிற ஜன்னலுக்குப் பின்னால் ஷாரன், வலைத்தொப்பியும் வேர்வையுமாய். பெக்கா பத்துப் பேருக்குப் பின்னாலிருந்து எட்டி, "அம்மா, அந்தக் கருகின சாஸேஜை எனக்கு எடுத்து வைம்மா!" என்று கத்தினாள். இதோ இப்போது யாராவது சிரிப்பார்கள், இதோ யாராவது திரும்பி ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஷாரன், "உனக்கு மட்டும் தனியா கருக்கித் தர்றேன் மகாராணி, வரிசையில வா" என்றாள். முன்னால் நின்ற பையன் ஒருத்தன், "எனக்கும் ஒண்ணு, அம்மா" என்றான். அவ்வளவுதான். அவரவர் காபியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு வாரம் பொறுத்து, கொல்லைப்புறத்தில் ஷாரன் சிகரெட் பிடிக்கும்போது கேட்டேன், உனக்குக் கூச்சமாக இல்லையா என்று. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கூச்சமா? எதுக்குடீ? என் பொண்ணு மூணு வேளையும் சாப்பிடுறாளான்னு கண்ணால பார்க்கறேன். இங்கே எத்தனை தாய்க்கு அந்தக் கொடுப்பினை இருக்கு?" என்றாள். அப்புறம் சாம்பலைத் தட்டிக்கொண்டே, "உன் ஹெய்லியும் வந்திருக்கலாம், என்ன பண்றது, அவதான் வேண்டாம்னுட்டா" என்றாள். நான் ஆமாம் என்றேன். ஊருக்கெல்லாம் அப்படித்தானே சொல்லி வைத்திருந்தேன்.

ஹெய்லி, நீ வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த ஆகஸ்ட் வியாழக்கிழமை பள்ளி மதிப்பெண் வந்ததும் சமையலறையில் என்னைச் சுற்றிச் சுற்றி ஆடினாய். எனக்குச் சொல்லாமலே புனித ஆஸ்வினைத்தான் எழுதிக் கேட்டிருக்கிறாய், கிடைத்தும்விட்டது. "உன் கல்லூரிம்மா! தினம் காலையில உன்னைப் பார்ப்பேன்!" என்றாய். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், கழுவி முடிக்கும்வரை திரும்பவே இல்லை. அப்புறம் சொன்னேன், அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு இடம் கிடையாது, நீ என் மகள் என்று தெரிந்தால் என் வேலை போய்விடும் என்று. அப்பா அப்போது முதுகு உடைந்து படுத்திருந்தார், என் சம்பளம் ஒன்றுதான் வீட்டுக்கு. மறுநாள் நான் வேலைக்குப் போன பிறகு தொலைபேசி செய்து, என் பெயர் வெளியே வந்துவிடக் கூடாதே என்று, வீட்டுக் காரணம் என்று மட்டும் சொல்லி விலகிக்கொண்டாய். அப்படி ஒரு விதி கிடையாது. அன்றைக்கும் இல்லை, அதற்கு முன்னும் இல்லை. நானே உண்டாக்கினேன். வேறு கல்லூரிக்கு மாற்றிக் கேட்பாய் என்றுதான் நினைத்தேன், நீ மொத்தமாய் விட்டுவிட்டாய், அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஓட்டல் வேலைக்குப் போனாய், ஓட்டலிலிருந்து நியூசிலாந்துக்குப் போனாய். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பாய். நான் முட்டி போட்டுக் கழிவறை தேய்ப்பதைப் பார்த்து நீ வெட்கப்படுவாய் என்று பயந்தேன். இன்னும் உண்மையைச் சொன்னால், நீ வெட்கப்படாமல், பெக்காவைப் போல, எல்லார் முன்னாலும் அம்மா என்று கூப்பிடுவாய் என்று பயந்தேன். வெட்கம் எனக்குத்தான் இருந்தது, விலையை நீ கொடுத்தாய். நான் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, "அந்த விதியை எடுத்துட்டாங்களாம்மா?" என்று கேட்டாய். ஆமாம் கண்ணு, எடுத்துட்டாங்க என்றேன். அது இரண்டாவது பொய்.

நீ விலகி ஒரு பத்து நாள் இருக்கும், உன் பெயருக்குக் கல்லூரி முத்திரையோடு ஓர் உறை வந்தது. விலாசம் சின்னப் பெண் கையெழுத்து. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, உனக்கென்று குறித்திருந்த அம்மா எழுதியது. நீ வர மாட்டாய் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. உன்னிடம் கொடுத்திருந்தால் நீ அழுவாய், அழுதால் நான் உண்மையைச் சொல்லிவிடுவேன். அதனால் பித்தான்கள் போட்டு வைக்கிற பிஸ்கட் டப்பாவின் அடியில் வைத்தேன், பத்தொன்பது வருஷம் அங்கேயே இருந்தது. பிரித்துப் பார்க்கவில்லை. எத்தனையோ தடவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறேன், பிரித்ததில்லை. அது உன் பெயருக்கு வந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, அந்த ஒன்றையாவது கெடுக்காமல் விட்டேன் என்பதற்குச் சொல்கிறேன்.

அப்பாவுக்கும் போன வாரம்வரை தெரியாது. போன ஞாயிறு லீக் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தவரிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிமிரவே இல்லை. அந்த வரிசை முழுக்கக் களை எடுத்து முடித்தார். அப்புறம், "என் முதுகையும் இதுல இழுத்திருக்கியே மௌரீன்" என்றார். கோபத்தில் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். உறை எங்கே என்று கேட்டார், டப்பா என்றேன். "எனக்குச் சொன்னா போதுமா? அவளுக்குச் சொல்லு. தபால் தலை நான் வாங்கிட்டு வர்றேன்" என்று கையைக்கூடக் கழுவாமல் கிளம்பிவிட்டார். இந்த ஒரு வாரமாய் என்னோடு தேவைக்குத்தான் பேசுகிறார், ஆனால் காலையில் தேநீர் மட்டும் கட்டிலுக்கு வந்துவிடுகிறது. தபால் தலை பத்து வாங்கி வந்திருக்கிறார், ஒரு கடிதத்துக்கு எத்தனை ஒட்டுவது என்று கேட்காமல்.

மன்னிப்பு கேட்கிறேன் ஹெய்லி. உன் வாழ்க்கை அங்கே நன்றாக இருக்கிறது, கிரெய்க் நல்லவர், ஃபின் இருக்கிறான், இதெல்லாம் இல்லாமல் போயிருக்குமே என்று எனக்கு நானே பலமுறை சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. அந்தச் சமாதானம் உனக்கு உரியது, எனக்கு உரியதில்லை, அதனால் அதை எனக்குச் சாக்காக வைத்துக்கொள்ள மாட்டேன். கோபம் வந்தால் கோபப்படு, தூர தேசத்தில் இருக்கிற அம்மாவாயிற்றே என்று அடக்கிவைக்காதே. ஒன்று மட்டும் கேட்கிறேன். இன்னொருத்தி பெற்ற பிள்ளைக்கு அம்மா என்று கையெழுத்துப் போட எனக்குத் தகுதி உண்டா என்று நீதான் சொல்ல வேண்டும், இமோஜென் சொல்ல முடியாது, கல்லூரி சொல்ல முடியாது. வேண்டாம் என்றால் இல்லை என்று ஒரு வார்த்தை போதும், நான் தியோவிடம் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். இருக்கட்டும் என்று உனக்குத் தோன்றினால், ஆகஸ்ட் முடிவதற்குள் அந்த மஞ்சள் உறையைப் பிரித்து, உன் கல்லூரி அம்மா உனக்கு என்ன எழுதியிருக்கிறாள் என்று எனக்குப் படித்துச் சொல். அதை ஓர் எழுத்து மாற்றாமல் என் பிள்ளைக்கு எழுதி அனுப்புகிறேன்.

நீயும் உன் வீடும் பசி தெரியாமல், நோய் தெரியாமல், சிரித்த முகத்தோடு நூறு வருஷம் இருக்க வேண்டும், தினமும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். ஃபின்னுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். கம்பளித் துண்டை மறக்காதே.

உன்னைப் பெற்றவள்,
அம்மா
(மௌரீன் ஹெஸ்லப், மூன்றாம் படிக்கட்டு, ஆறாம் அறை. கதவு திறந்திருக்கும்.)